ஏழெட்டும் ராஜாவின் மத்தியானத் தூக்கமும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு மத்தியானத் தூக்கம் கெட்டுப்போனது. நம் வீட்டில் தூக்கம் கெட்டால் கொட்டாவியோடு போய்விடும். ராஜா வீட்டில் கெட்டால் சட்டம் வரும். வந்தது.

அரண்மனைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம். குயவர், நெசவாளர், வண்ணார் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் அறுபது பேர் அங்கே பெருக்கல் வாய்ப்பாட்டைக் கூரை அதிரக் கத்துவார்கள். ஏழாம் வாய்ப்பாடு வந்தால் ராஜா காதைப் பொத்திக்கொள்வார். சின்ன வயதில் அதன் எட்டாவது வரி அவருக்கு வரவே இல்லை. அது அவருக்கும் பிரம்படி வாங்கிய அவர் முதுகுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

சபையில் கணக்குப் புலி என்று பெயர் வாங்கியவர் அனந்தசயனப் பண்டிதர். குயவன் மகளுக்கும் பெருக்கல் வந்துவிட்டால் தன்னை யார் கும்பிடுவார்கள் என்று அவருக்குப் பயம்.

"மகாராஜா, அந்தப் பள்ளியை இடித்துவிட்டுக் குதிரை லாயம் கட்டலாமே?" என்றார்.

விதூஷகன் தாண்டவன் குறுக்கே வந்தான். "அரசே, சத்தமே இல்லாமல் பெருக்கல் கற்றுத்தந்தால் பள்ளி நிற்கலாமா?"

"நிற்கலாம். ஒரு மாதம் தவணை. இன்று முதல் அரண்மனையில் கேட்கும்படி எவர் வாயும் வாய்ப்பாடு சொல்லக்கூடாது. மாத முடிவில் இங்கே பரீட்சை. தோற்றால் லாயம்தான்."

"எழுதிக் காட்டவும் கூடாது, அரசே. எழுத்தாணி கீறும் சத்தம்கூடத் தங்களுக்கு ஆகாது" என்று பண்டிதர் ஒரு முடிச்சுப் போட்டார். ராஜா தலையாட்டினார்.

'எவர் வாயும்' என்றதைத் தாண்டவன் மட்டும் பத்திரமாக மனத்தில் வைத்துக்கொண்டான்.

பள்ளியில் வாத்தியார் முத்துக்கறுப்பர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "பேசவும் கூடாது, எழுதவும் கூடாதுன்னா எதை வச்சுய்யா சொல்லிக்குடுப்பேன்? இந்தப் புள்ளைங்க நாளைக்கு எங்கய்யா போகும்?"

"புளியங்கொட்டை இருக்கா வாத்தியாரய்யா?" என்று கேட்டான் சேதி சொல்ல வந்திருந்த தாண்டவன்.

இருந்தது, மூட்டை மூட்டையாக. மூன்று வரிசை, வரிசைக்கு நாலு என்று பிள்ளைகள் முற்றத்தில் பரப்பினார்கள். வரிசைகளைப் பிரித்தார்கள், சேர்த்தார்கள், திருப்பிப் போட்டார்கள். சத்தம் இல்லை. ஆனால் கண்கள் மின்னின. இத்தனை வருஷம் கத்திய கணக்கு என்னவென்று அன்றைக்குத்தான் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். வாத்தியாரும் அன்றைக்குத்தான் பார்த்தார். அதைச் சொல்ல அவர் வெட்கப்படவில்லை.

பரீட்சை நாள் வந்தது. அறுபது பிள்ளைகளும் சபையில் நின்றார்கள்.

பண்டிதர் மீசையை நீவிக்கொண்டார். "ஏழை எட்டால் பெருக்குங்கள்!"

ராஜாவின் முகம் சுருங்கியது. முதுகும் லேசாகக் கூசியது.

குயவர் வீட்டுச் செம்பி கையை உயர்த்தினாள். நாலு பிள்ளைகள் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் கண்மூடித் திறப்பதற்குள் ஏழு வரிசை, வரிசைக்கு எட்டுப் பேர் என்று நின்றுவிட்டார்கள்.

"இது என்ன கூத்து? விடை எங்கே?" என்றார் பண்டிதர்.

"தங்கள் முன்னால்தான் நிற்கிறது. சரியா தப்பா என்று பண்டிதரே சொல்லட்டும்" என்றான் தாண்டவன்.

பண்டிதர் கண்ணை மூடினார். பாவம், அவர் படித்ததெல்லாம் கத்திக் கத்திப் படித்தது. எட்டாவது படிக்குப் போக முதல் படியிலிருந்துதான் ஏற வேண்டும். மூன்றாவது வரியில் உதடு அசைந்தது. ஐந்தாவதில் சத்தமே வந்துவிட்டது. "ஐயேழு முப்பத்தைந்து..."

"பண்டிதரே! எவர் வாயும் என்றேனே!" ராஜா கர்ஜித்தார்.

பண்டிதர் வாயைப் பொத்தினார். கணக்கு அறுந்துபோனது. மறுபடி ஓரேழிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கவும் முடியாது!

"அப்படியானால் விடையை யார் சொல்வது?" என்றார் ராஜா.

"பார்ப்பதற்குத் தடையில்லையே, அரசே. தாங்களே பாருங்கள்."

செம்பி மறுபடி கையை அசைத்தாள். ஐந்து வரிசை இந்தப் பக்கம் நகர்ந்தது, இரண்டு வரிசை அந்தப் பக்கம் நகர்ந்தது. ஐந்தாம் வாய்ப்பாடும் இரண்டாம் வாய்ப்பாடும் ராஜாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்தார்.

"இங்கே நாற்பது... அங்கே பதினாறு..." விரல் விட்டுக் கூட்டினார். "ஐம்பத்தாறு! ஐம்பத்தாறு!"

"ராஜா கண்டுபுடிச்சிட்டாரு!" என்று செம்பி குதித்தாள். அறுபது பிள்ளைகளும் கைதட்டினார்கள்.

முத்துக்கறுப்பர் கைகூப்பினார். "சரியாச் சொன்னீங்க, மகாராஜா."

போரில் வென்றபோதுகூட ராஜா அப்படி நெஞ்சை நிமிர்த்தியதில்லை. சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். முத்துமாலையைக் கழற்றித் தாண்டவன் கழுத்தில் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்!" என்றார்.

"தடை நீங்க வேண்டும், அரசே. பார்த்துப் படித்ததைப் பிள்ளைகள் இனிப் பெருமையாகக் கத்தட்டும். பண்டிதரையும் ஒரு மாதம் எங்கள் பள்ளிக்கு அனுப்புங்கள். புளியங்கொட்டை நிறைய இருக்கிறது."

தாண்டவன் முத்துமாலையைக் கழற்றி வாத்தியாருக்குப் போட்டான். அன்று அந்தச் சபையில் அவனைவிடப் பணக்காரன் யாரும் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன்.

மறுநாள் மத்தியானம் பள்ளியில் கூரை அதிர்ந்தது. ஏழாம் வாய்ப்பாடு. எட்டாவது வரி வந்தபோது அரண்மனை உப்பரிகையிலிருந்து ஒரு தடித்த குரல் பிள்ளைகள் எல்லோரையும் முந்திக்கொண்டு கத்தியது:

"ஐம்பத்தாறு!"