சத்தம் வராத தளமும் புளியம்பாறை பேண்ட் செட்டும்

புளியம்பாறை பேண்ட் செட்டில் மொத்தம் மூணு பேர். கிளாரினெட் பொன்னுரங்கம், ட்ரம்பெட் ஏகாம்பரம், பெரிய ட்ரம் சடையன். மூணு பேருக்கும் வாசிப்பு நல்லா வரும். யோசனைதான் கொஞ்சம் வராது.

ஆவணி பிறந்தும் ஒரு கல்யாணம்கூட வரவில்லை. "இந்த மாசமும் சும்மாதான்னா நான் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிடுவேண்ணே" என்று சடையன் சொல்லிவிட்டான். பெரிய ட்ரம் இல்லாத பேண்ட் செட்டை யார் கூப்பிடுவார்கள்? பொன்னுரங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

செல்போன் கடைக்காரர்தான் வழி சொன்னார். "இன்டர்நெட்ல மேளச்சந்தைன்னு ஒரு தளம் இருக்கு. வாசிச்சு வீடியோ போடுங்க, ஊரே பார்க்கும். என்ன, அதுல சத்தம் மட்டும் சரியா வராது."

போட்டார்கள். சத்தம் வரவில்லை. மறுநாள் கரூர்க்காரர் ஒருத்தர் கீழே எழுதியிருந்தார்: "ஒண்ணும் கேக்கலை. கொஞ்சம் கிட்ட வந்து வாசிங்க."

அவர் பேருக்குப் பக்கத்திலேயே கடை விலாசமும் இருந்தது. மூணு பேரும் ட்ரம்மை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கரூருக்குப் போனார்கள். கல்லாவில் இருந்தவரின் காதுக்குப் பக்கத்தில் நின்று ஒரு பாட்டு முழுசா வாசித்தார்கள்.

"இப்பக் கேக்குதுங்களா?" என்று பொன்னுரங்கம் மரியாதையாகக் கேட்டார்.

அவர் தலையை ஆட்டிவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டார்.

திரும்புகிற பஸ்ஸில் விவாதம்.

"அந்தத் தளத்தால நமக்குப் பிரயோஜனம் உண்டா, இல்லையா?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

"சத்தமே வராத இடத்துல சங்கீதக்காரனுக்கு என்ன வேலைண்ணே?" என்றான் ஏகாம்பரம்.

"விரல் ஆடுறது தெரியுதேடா."

சடையன் மூணு ஸ்டாப் யோசித்தான். "அங்க போய்ச் சேராத சத்தத்தை இங்க எதுக்குண்ணே கஷ்டப்பட்டு உண்டாக்கணும்?"

நியாயமாகப் பட்டது. அடுத்த வீடியோவில் கன்னத்தை மட்டும் உப்பவைத்தார்கள், ஊதவில்லை. சடையன் குச்சியை ட்ரம்முக்கு ஒரு விரல்கடை மேலேயே நிறுத்திக்கொண்டான்.

மூணாம் நாள் போன் வந்தது.

"வீடியோ பார்த்தோமுங்க. எங்க மண்டபத்துக்குப் பக்கத்துல ஆஸ்பத்திரி, சத்தம் போடக்கூடாதாம். மேளம் இல்லாமக் கல்யாணமான்னு எங்க மாமா குதிக்கிறாரு. அதே மாதிரி வந்து வாசிச்சுக் குடுங்க."

பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்ல தளம்டா" என்றார்.

கல்யாணம் ஜோராக நடந்தது. தாலி கட்டும்போது ஐயர் விரலை ஆட்ட, கன்னங்கள் ரெண்டு மடங்கு உப்பின. மாமாவுக்குப் பரம திருப்தி. அடுத்த வாரம் அவர் மகள் கல்யாணத்துக்கும் இவர்களையே சொல்லிவிட்டார். "ட்ரம்பெட் மட்டும் நடுவுல கொஞ்சம் சுருதி சேரலை" என்றார். ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கே தெரியும்.

வெளியே வந்ததும் பொன்னுரங்கம் பயந்து பயந்து கேட்டார். "சடையா, திருப்பூர் போறியாடா?"

"போகலைண்ணே. ஆனா அடுத்த கல்யாணத்துல என்னைக் கிளாரினெட் பக்கத்துல நிறுத்தாதீங்க. காது அடைச்சுப்போச்சு."

பொன்னுரங்கம் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் குனிந்தார்.

"சத்தமாச் சொல்லுடா. இவ்வளவு நேரம் உன் ட்ரம் பக்கத்துலதானே நின்னேன்."