பன்னிரண்டாவது விலா

இதைக் கேட்டுப் பதினான்கு வருடமாகிறது. ஒருநாளும் முழுதாக நம்பியதில்லை. நம்பாமல் விட்டுவிடவும் முடியவில்லை.

என்னிடம் சொன்னவர் டாக்டர் அருமைநாயகம். மருத்துவக் கல்லூரியில் எனக்கு உடற்கூறு பாடம் எடுத்தவர். விலா எலும்பு முதுகெலும்போடு சேரும் இடத்தை இருபது வருடம் மாணவர்களுக்குத் தொட்டுக் காட்டியவர். தம்பி செத்த மாதத்திலிருந்து அவருக்கு மூச்சு பாதியில் முட்டியது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.

கல்லூரி மியூசியத்தில் எலும்புகளைக் கம்பியால் கோர்த்து நிறுத்துகிறவள் இசக்கியம்மாள். அவரைவிடப் பத்து வயது இளையவள். அவள் கோர்த்த எலும்புக்கூடுகள் மூச்சு விடும் என்று பியூன்கள் பேசிக்கொள்வார்கள். வேறு வழி தெரியாமல் அவளிடம் போய் நின்றார்.

"முழுசா மூச்சு வரமாட்டேங்குதும்மா."

அவள் ஒரு மரப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

"இதைக் கோத்துக் கொண்டாங்க."

தானமாக வந்த உடலின் எலும்புகள். பெட்டியின் அடியில் ஓர் எண் மட்டும் இருக்கும். யாருடையது என்று கேட்பது அங்கே வழக்கமில்லை. அவரும் திருப்பிப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு விலாவின் தலையையும் முதுகெலும்பின் குழியில் வைத்து, கம்பியை முறுக்கிக் கட்டினார். ஆறு ஜோடி முடிந்ததும் அவள் வந்து ஒரு விலாவை விரலால் தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை.

"இப்படி இறுக்கிப் பிடிச்சா எப்படி சார் மூச்சு விடுவாங்க?"

"செத்தவங்களுக்கு எதுக்கும்மா மூச்சு?"

அவள் குறடு எடுத்து எல்லாக் கம்பியையும் வெட்டினாள். தலைக்கும் குழிக்கும் நடுவே மெல்லிய தோல் துண்டு வைக்க வேண்டும், இதுகூடவா பாடத்தில் இல்லை என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை தோல் வைத்தார், கம்பியைத் தளர்த்தினார். ஒன்பதாம் நாள் கடைசி ஜோடிக்கு வந்தார்.

இடது பன்னிரண்டாவது இல்லை.

மற்ற விலாக்களுக்கு முதுகெலும்பில் இரண்டு பிடி உண்டு. கடைசி இரண்டு ஜோடிக்கும் ஒரே பிடிதான். அந்தப் பிடியின் குழி இருந்தது. நேற்றுவரை அதில் ஏதோ அசைந்துகொண்டிருந்தது போல வழவழப்பாக இருந்தது. விலாவை மட்டும் காணோம். அலமாரி அலமாரியாகத் தேடினார்.

"ஒண்ணு குறையுதும்மா."

"வரும்போதே அப்படித்தான்."

அவள் அவர் பின்னால் வந்து, முதுகின் இடப்பக்கம், கீழே, இரண்டு விரலை வைத்தாள்.

"இங்கதானே முட்டுது?"

அந்த இடத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கு முன்னால்தான் இடது சிறுநீரகம் இருக்கிறது. சிறுநீரகம் இரண்டும் பழுதான தம்பி தேவசகாயம் கேட்டது அதைத்தான். பொருந்தும் என்று பரிசோதனையும் சொன்னது. கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றார் அண்ணன். அப்புறம், மாணவர்களின் பரீட்சை முடியட்டும் என்றார். தம்பி அதுவரை இருக்கவில்லை.

அருமைநாயகம் குனிந்து பெட்டியைத் திருப்பினார். அவரே கையெழுத்துப் போட்ட, தம்பி உடலின் தானப் பத்திரத்து எண்.

விரல்கள் முதுகிலிருந்து நகரவில்லை.

"இப்போ கேட்டாக் குடுப்பீங்களா சார்?"

"குடுப்பேன்."

"எப்போ?"

"இப்பவே."

விரல்கள் விலகின. மூச்சு அடிவரை இறங்கியது. வலிக்கவில்லை. அவர் இழுத்தபோது எதிரே எலும்புக்கூட்டின் விலாக்களும் ஏறின. விட்டபோது இறங்கின. எண்ணினார். இருபத்துநான்கு. இருபத்துமூன்று மஞ்சளேறிக் காய்ந்திருந்தன. ஒன்று மட்டும் ஈரமாக, வெளிர்சிவப்பாக இருந்தது.

அவர் சொன்னது இவ்வளவுதான்.

பிறவியிலேயே சிலருக்கு விலா குறைவதுண்டு. துக்கத்தில் இருக்கிறவனுக்கு எண்ணிக்கை தப்பும். இப்படியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டதில் வருடங்கள் போயின.

போன மாதம் நான் அவர் வீட்டுக்குப் போனபோது, வெக்கைக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் தொண்டையில் நின்றது அன்றைக்கு வாய்க்கு வந்துவிட்டது.

"சார், இடது பக்கம், முதுகுல கீழே... ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டுமா?"