உக்கிரசேன ராயர் மலைக்கு ஓடின கதை

கருவேலங்கோட்டையை ஆண்ட உக்கிரசேன ராயருக்குப் பெயரில் இருந்த உக்கிரம் காலில் இல்லை. சபையிலிருந்து அந்தப்புரம் போகவே பல்லக்குக் கேட்கிற ஆசாமி. அவரைக் கிளப்பிவிட்டது விருந்துக்கு வந்த பக்கத்து நாட்டு ராஜா. அவன் விடிகாலையில் மலைக்கோயில் வரை ஓடிவிட்டு வந்து, "சும்மா பொழுதுபோக்குக்குத்தான். நீங்க ஓடுறதில்லையா?" என்று கேட்டுத் தொலைத்தான்.

"தேர்த் திருநாளன்னைக்கு நானும் நிக்காம மலைக்கு ஓடுவேன்!" என்றார் ராயர், சபையே கேட்க. அதோடு விட்டாரா? பழக்கிவிடும் பொறுப்பைச் சிலம்ப வாத்தியார் முத்திருளன் தலையில் கட்டினார். "நான் போய்ச் சேரலைன்னா நீ கல் உடைக்கப் போவே!"

முத்திருளன் வழி சொன்னான். "கொஞ்ச தூரம் வேகமா ஓடணும் மகாராஜா. அப்புறம் நின்னு, மூச்சு திரும்பினதும் மறுபடி ஓடணும். பழகப் பழக நிக்கிற நேரம் தானா குறையும்."

"நிக்கிறதா? உக்கிரசேனன் இளைப்பாறினான்னு ஊர் சிரிக்கவா?"

மறுநாள் ராயர் தலைதெறிக்க ஓடினார். கோட்டை வாசல் அரசமரத்தடியில் குப்புற விழுந்தார். அடுத்த நாள் இன்னும் வேகம். அரசமரம் வரைகூடப் போகவில்லை. ராஜா ஓடினால் மந்திரிகளும் ஓட வேண்டுமே! நெய்ச்சோற்றில் வளர்ந்த உடம்புகள் வழிநெடுகக் கிடந்தன.

முத்திருளன் தன் சிநேகிதன், அரண்மனை விகடகவி சடையாண்டியிடம் வந்து அழுதான். "அந்த மனுசன் நிக்கவே மாட்டேங்கிறாரே அண்ணே! என் பொழப்பு கல்லோடதான்."

சடையாண்டிக்குப் பொறுக்கவில்லை. வீம்பு ஒருத்தருக்கு, தண்டனை இன்னொருத்தனுக்கா? ராயர் எதற்குத்தான் நிற்பார் என்று யோசித்தான். சாப்பாட்டுக்கு உட்காருவார். தூக்கத்துக்குப் படுப்பார். நிற்பதென்றால்... சட்டென்று பிடிபட்டது. கட்டியக்காரன் பட்டப்பெயர்களை முழங்கினால் நிற்பார்! "என் பட்டங்களைச் சொல்லும்போது யாரும் அசையக் கூடாது, நான் உட்பட" என்பது ராயரே போட்ட சட்டம்.

மறுநாள் ராயர் அரசமரத்தை நெருங்கும்போது மரத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "சமர்க்களம் கலக்கிய சிங்கமே! பகைவர் குலை நடுங்கும் புலியே!" எந்தச் சமர் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ராயர் நின்றார். மார்பை நிமிர்த்தினார், மீசையை முறுக்கினார். பட்டங்கள் தீர்வதற்குள் மூச்சும் திரும்பிவிட்டது. மறுபடி ஓடினார். குளக்கரையில் இன்னொரு கட்டியக்காரன் காத்திருந்தான். மண்டபத்தருகே மற்றொருவன்.

மந்திரிகளுக்கு உயிர் வந்தது. பட்டம் நீண்டால் ஓய்வும் நீளுமே! "ஒண்ணை விட்டுட்டியேப்பா!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தார் பிரதான மந்திரி. "யானையை... அதட்டிய... அண்ணலே!"

நாளாக ஆக, சடையாண்டி ஓசைப்படாமல் பட்டங்களைக் கத்தரித்தான். ஒரு நாள் அண்ணல் போனார், ஒரு நாள் சிங்கம் போயிற்று. பிறகு கட்டியக்காரர்களே ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

"இன்னைக்கு என் புலி எங்கேடா?" என்று உறுமினார் ராயர்.

"கட்டியக்காரனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு மகாராஜா" என்று சமாளித்தான் முத்திருளன்.

தேர்த் திருநாள் வந்தது. ராயர் புறப்பட்டார். அரசமரம், குளக்கரை, மண்டபம் எங்கும் ஒரு சத்தமில்லை. நிற்காமல் ஓடி மலைக்கோயில் வாசலை மிதித்தார். ஊர் ஆரவாரம் செய்தது. அங்கே காத்திருந்த முத்திருளன் சந்தோஷத்தில் ஓவென்று அழுதான். மந்திரிகள் அடிவாரத்தில் படுத்திருந்தார்கள்.

ஆனால் ராயரின் முகம் கடுகடுத்தது. "வழியில ஒருத்தனும் என் பட்டத்தைச் சொல்லலையே! நிறுத்தினது எவன்?"

"நான்தான்" என்று முன்னால் வந்தான் சடையாண்டி. "இளைப்பாற மாட்டேன்னீங்க. பட்டத்துக்குன்னா நின்னீங்க. உங்களுக்கு மூச்சு திரும்பட்டுமேன்னுதான் அங்கங்கே அதைச் சொல்ல வெச்சேன் மகாராஜா. இன்னைக்கு நீங்க நிக்காம ஓடணும். அப்புறம் அந்தப் பொய்யெல்லாம் எதுக்கு?"

ராயர் முறைத்தார். முறைப்பு மெல்லத் தளர்ந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். குலுங்குவதற்கு இப்போது அவ்வளவு வயிறும் இல்லை.

கழுத்து முத்துமாலையை முத்திருளனுக்குப் போட்டுவிட்டுத் திரும்பினார். "சடையாண்டி, உனக்கு ஒரு பட்டம் தர்றேன். சாதுர்ய சிகாமணி!"

சடையாண்டி பதறிக் கும்பிட்டான். "எனக்கெதுக்கு மகாராஜா பட்டம்? நான் உங்க பல்லக்குல வந்தேன். எனக்கு மூச்சே வாங்கலையே!"