போட்டோவுக்குள்ள வேலை முடியட்டும்

நம்பாட்டிப் போ கருணாம்பா கண்ணு, எனக்கென்ன? மூணு பேரு ஒரு போட்டோவுக்கு முன்னால ரெண்டு நாளு உக்காந்து, உள்ள இருக்கற பொம்பளைங்க வேலைய முடிக்கட்டும்னு காத்துக்கெடந்தாங்கன்னா சிரிக்கறயே. உங்க வாத்தியாரு சொல்றத மட்டும் நம்பறயா? கல்லாங்காட்டுப்புதூர்ல, சென்னியப்பன் ஊட்டு மாட்டுக்கொட்டாயிலதான் நடந்துச்சு.

சென்னியப்பனுக்கு உசுரே அவுங்கப்பன் உட்டுட்டுப் போன பழைய காருதான். எருமைக்குப் பக்கத்துல நிக்கும். ஓடாது. முன்சீட்டுல ஒரு கருங்கோழி அடையிருக்கும். ஹாரன் அமுக்குனாக்கூட எந்திரிக்காது, பதிலுக்குக் கொக்கரிக்கும். அந்தக் கோழி பட்டீஸ்வரியோட தாயூட்டுச் சீரு. சீரு குடுத்தப்ப மொதல்ல கோழிக்குப் பதிலா சேவல் வந்துருச்சுன்னு சம்பந்திக்கு நடுவுல ஒரே ரகள... சரி, அது கெடக்கட்டும். பட்டீஸ்வரிங்கறது அவன் பொண்டாட்டி.

காரு ஓடலீன்னா என்ன, சங்கம் ஓடுச்சு. 'பழங்கார் அறிஞர் சங்கம்'. மூணே பேரு. அங்கண்ணன் தலைவரு, ஏன்னா கை வெச்ச நாற்காலி அவருகிட்டத்தான் இருந்துச்சு. சென்னியப்பன் செயலாளரு. நாச்சிமுத்து துணைத்தலைவரு. நாற்காலி ஒண்ணுதானே, கூட்டத்துல நிக்கறதுக்கும் ஒருத்தரு வேணுமில்ல?

பட்டணத்துல இருக்கற ஒரு காரு மியூசியத்துலருந்து இவங்களுக்கு ஒரு போட்டோ வந்துச்சு. எழுவது வருசத்துக்கு முந்துன ஒர்க்‌ஷாப்பு. நாலு பொம்பளைங்க சீலைய ஏத்திச் சொருகிட்டு, கன்னத்துல கிரீஸோட, ரெண்டு எஞ்சினப் பிரிச்சுப் போட்டு நிக்கறாங்க. கூடவே கடுதாசி: 'இவை எந்தக் கார்களின் எஞ்சின்கள் என்று கண்டறிந்து எழுதவும். படத்தின் மேல் கை படக்கூடாது. எல்லாவற்றையும் அளந்து பார்க்கவும். அவசரப்பட வேண்டாம்.'

பட்டீஸ்வரி சாணி அள்ளுன கையோட வந்து எட்டிப் பாத்தா. "ஏனுங் மாமா, இத்தன வருசமா அறிஞரு அறிஞருன்னு பீத்திக்கறீங்களே. ஞாயித்துக்கெழம பொழுது சாயறதுக்குள்ள ஒரு எஞ்சின் பேரச் சொல்லிப்போடுங்க, காரு இங்கயே கெடக்கட்டும். இல்லாட்டி திங்கக்கெழம பழைய இரும்புக்காரனுக்குத்தான். எருமைக்குக் கன்னு வந்தா எங்க கட்டறது?"

சென்னியப்பன் ஓடிப்போயி மத்த ரெண்டு பேரையும் கூட்டியாந்தான்.

கை படக்கூடாதில்ல? நாச்சிமுத்து சட்டி எறக்கற இடுக்கியில போட்டோவப் புடிச்சுட்டு நின்னாரு. பாத்துட்டே இருக்கறப்ப ஒரு ஈ வந்து மேல உக்காந்துச்சு.

"ஓட்டுங்க தலைவரே, ஓட்டுங்க! போட்டோ மேல கை பட்டுப்போச்சு!"ன்னு கத்துனாரு நாச்சிமுத்து.

"யோவ், ஈக்கு ஏதுய்யா கை? ஆறும் காலு."

"முன்னால ரெண்டையும் சேத்து வெச்சுக் கும்புடுது பாருங்க. காலுலயா கும்புடுவாங்க?"

தலைவரு குனிஞ்சு ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தாரு. "கை ரெண்டு, காலு நாலு. ஆனா அது நம்ம கையில்ல. குறிப்புல எழுதிக்க, சென்னியப்பா."

அப்பறம் அளந்தாங்க. எஞ்சின் நீளம் ரெண்டு அங்குலம்.

"இத்தனூண்டு எஞ்சினா? ஒரு கோழியக்கூட இழுக்காதே!" சென்னியப்பன் மறுக்கா அளந்து பாத்தான்.

"பொம்பளைங்கள அளய்யா."

"மூணு அங்குலம் தலைவரே."

"பின்ன? ஆளுக்குத் தக்கன எஞ்சினு. அந்தக் காலத்துல எல்லாமே அளவா இருந்துருக்குது. நாமதான் தின்னு தின்னு பெருத்துப்போனோம்."

சரி, பேரு? அங்கதான் தலைவரு கண்டுபுடிச்சாரு. "மூடியெல்லாங் கழட்டிக் கீழ கெடக்குது. பேரு மூடி மேலதான எழுதியிருக்கும்? அந்தப் புள்ளைங்க வேலைய முடிச்சு மூடியப் போடட்டும், படிச்சுக்கலாம். அவசரப்பட வேண்டாம்னு கடுதாசியிலயே போட்டிருக்குது."

உக்காந்துட்டாங்க. வெள்ளி போச்சு. சனி போச்சு. நாச்சிமுத்துக்கு இடுக்கி புடிச்ச கையி வீங்கிப்போச்சு. சென்னியப்பன் போட்டோவுக்குப் பக்கத்துல வாய வெச்சு, "அம்மிணிகளா, கொஞ்சம் வெரசாப் பாருங்க, என்ற காரு போயிரும்"னு கெஞ்சுனான். நாலு டம்ளர்ல காப்பி வேற வெச்சான். அதுங்க குடிக்கல.

ஞாயித்துக்கெழம மத்தியானம் மயிலாத்தா வந்துச்சு. தொண்ணூறு வயசு, தடி ஊணிட்டு, மோரு வாங்க வந்துச்சு. போட்டோவப் பாத்ததும் நின்னுருச்சு.

"அடக் கெரகத்தே, இது எங்க ஒர்க்‌ஷாப்பல்லோ! நாலு பிளக்கு, வால்வு பக்கவாட்டுல, அது ஆஸ்டின். ஆறு பிளக்கு, வால்வு தலைக்கு மேல, அது செவர்லே. இதா, ஸ்பேனரப் புடிச்சுட்டு நிக்கறது நானுதான்."

சென்னியப்பன் குதிச்சு எந்திரிச்சான். காரு பொழச்சுது! பேனாவத் தொறந்துட்டான்.

"நிறுத்து!"ன்னாரு அங்கண்ணன். "ஏனாத்தா, இது நீதான்னா, வேலையப் பாதியில போட்டுட்டு இங்க எதுக்கு வந்த?"

"என்னப்பா?"

"ரெண்டு நாளா நாங்க கண்ணு பூத்துக் காத்திருக்கறோம். மூடி கீழ கெடக்குது. நீ மோரு வாங்கிட்டுத் திரியற! மொதல்ல போயி அந்த வேலைய முடி. அப்பறம் வந்து பேரச் சொல்லு."

"தலைவரே, ஆத்தா சொன்னத எழுதிக்கிட்டா என்னங்க?" சென்னியப்பன் தொறந்த பேனாவ மூடாமயே கேட்டான்.

"பாதி வேலையில எந்திரிச்சு வர்றவ பேச்சச் சங்கம் ஏத்துக்காது. உனக்குக் காரு பெருசா, சங்கம் பெருசா?"

மயிலாத்தா மூணு பேரையும் மாறி மாறிப் பாத்துச்சு. "தம்பி, உன்ற காரையாச்சும் ஓட வெச்சுத் தரட்டுமா? பிளக்கத் தொடச்சாப் போதும் போலத் தெரியுது."

"அதையும் பாதியில உட்டுருவ. போ ஆத்தா"ன்னு தலைவரே சொல்லிப்போட்டாரு. அதுக்குப் பாவம், மோரு வாங்கறதுகூட மறந்துபோச்சு.

பொழுது சாஞ்சுது. பட்டீஸ்வரி வாசப்படியில நின்னா. "பேரு?"

"இன்னும் வேலை நடக்குது அம்மிணி."

"அப்ப நாளைக்கு இரும்புக்காரன்."

சென்னியப்பன் எருமை கழுத்தக் கட்டிட்டு அழுதான். அப்பத்தான் நாச்சிமுத்து, ரெண்டு நாளா போட்டோவப் புடிச்சுட்டே நின்ன மனுசன், வாயத் தொறந்தாரு. "தலைவரே, எழுவது வருசமா போட்டோவுக்குள்ள இருக்கற எஞ்சின எந்த இரும்புக்காரனாச்சும் தூக்கிட்டுப் போனானா?"

"இல்ல."

"துருப் புடிச்சுதா?"

"இல்லய்யா!"

விடியறதுக்கு முன்னால ஸ்டுடியோக்காரன எழுப்பிக் கூட்டியாந்து, கோழியோட சேத்துக் காரப் போட்டோவுக்குள்ள ஏத்திப்போட்டாங்க. இரும்புக்காரன் வந்து கார இழுத்துட்டுப் போறப்ப மூணு பேரும் கமுக்கமாச் சிரிச்சுக்கிட்டாங்க. "பாவம், வெறும் கூட்டைத்தான் தூக்கிட்டுப் போறான்"ன்னு சென்னியப்பன் பரிதாபப்பட்டான். கோழிய எறக்கிட்டுத்தான் அனுப்புனா பட்டீஸ்வரி. ஆனா அது அசல் இல்லீன்னு அவன் இன்னைக்கும் அதுக்குத் தீனி வெக்கறதில்ல.

அசலு போட்டோவுக்குள்ள அடையிருக்குதாம். மூணங்குலக் காரு. தெனமும் தொடைக்கறான், மாசம் ஒருக்கா ஒரு சொட்டு ஆயிலு உடறான். எருமைக்குக் கன்னும் வந்துருச்சு, எடமும் பத்துது.

இன்னுமா நம்பல? அவன் வெளியூரு போனா நம்மூட்டுலதான நிறுத்தீட்டுப் போவான், நேத்துக்கூட வந்து வாசல்ல நிறுத்தீட்டுப் போனான். அடடா, தூறல் போடுது! ஏ கருணாம்பா, ஓடு ஓடு, அந்தக் கார எடுத்து உள்ள கொண்டா! கவுத்துப் புடிச்சறாத அம்மிணி, ஆயிலு கொட்டிரும்!