நாப்பது பிஸ்கட் பாக்கெட்

எல்லாரும் உக்காருங்க வே. பேச்ச நிறுத்துங்க. ரத்தம் குடுத்தா பத்து நிமிசம் அசையக்கூடாது, அதான் இந்த ரத்த வங்கிச் சட்டம். போன மாசம் ஒருத்தர், எனக்கெல்லாம் ஒண்ணும் செய்யாதுன்னு எந்திரிச்சாரு. கேட்டுல எம்மேலதான் வந்து விழுந்தாரு. நான்தான் கேட்டு வாட்ச்மேன் வேலாயுதம். ஜூஸக் குடிங்க, கத சொல்லுதேன்.

உங்களையெல்லாம் போன் போட்டு வரவச்சாருல்லா கோமதிநாயகம் சாரு, அவரு கததான். வயசு அம்பத்தி மூணு. கம்ப்யூட்டர்ல அவருக்கு குரு ஜெனோவா டீச்சர். வயசு முப்பது. அந்தா மூலையில ரத்தப் பையில சீட்டு ஒட்டிக்கிட்டு இருக்காவள்லா, அவியதான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்த பேசுனா அதிகம். சாரு அவிய முன்னால உக்காரக்கூட மாட்டாரு.

ரத்தம் குடுக்கவங்க பேரு நாப்பதாயிரம் அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கு. இருபது வருசமா பஸ் ஏறி, காலேஜு, மில்லு, சர்ச்சு, பள்ளிவாசல்னு முகாம் போட்டு சாரு சேத்த பேரு. 'ஓ நெகடிவ்'னு தட்டுனா, வெரல எடுக்கதுக்குள்ள பேரு வந்து விழும்.

அதுக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டாவ. பழசு காலாவதியாம். புதுசோட ஒரு காவக்காரனும் சேந்து வந்தான், வைரஸ் வந்தா புடிக்கவன். நமக்கு ஒரு கூட்டாளி கெடச்சான்னு நான்கூட சிரிச்சேன். அன்னையிலருந்து தட்டுனா வட்டம் சுத்துது. நாலு நிமிசம். அங்க ஆபரேசனுக்கு ஆள் படுத்துக் கெடக்கும், இங்க வட்டம் சுத்தும்.

சாரு வயரப் புடுங்கி மாட்டுனாரு. தூசி தட்டுனாரு. மெமரி கூட்டிப் போட்டாரு. சூடம் ஒண்ணுதான் காட்டல.

பெரிய டாக்டர் வந்தாரு. அவரு பேசுறது தெரியும்லா, ரெண்டு வார்த்தைக்கு ஒருக்க கண்ணாடிய மூக்குல தள்ளுவாரு. லிஸ்ட் பெருசாயிட்டு, ஒரு தள்ளு. பத்து வருசத்துக்கு முந்துன பேரெல்லாம், ஒரு தள்ளு. நாலு மணிக்குள்ள அழிச்சிரணும், ரெண்டு தள்ளு. இருபதாயிரம் பேரு. சாரு மொகம் செத்துப்போச்சு.

டீச்சர்கிட்ட போயி நின்னாரு.

"டீச்சர், எந்தப் பேர அழிக்க?"

டீச்சர் நிமிந்து பாத்தாவ. "வெளிய ஸ்டோர்ல நாப்பது பிஸ்கட் பாக்கெட் இருக்கு. ஒண்ணு ஒண்ணா கொண்டாங்க சார்."

"நேரமாவுதே டீச்சர்."

"ஒண்ணு ஒண்ணா."

ஸ்டோரு கேட்டுக்கு வெளிய. கேட்டுல நான். அந்த வாரம் ஒரு ஸ்டெதஸ்கோப் காணாம போயிட்டுன்னு டாக்டர் எனக்கும் ஒரு ஆர்டர் போட்டிருந்தாரு. யாரா இருந்தாலும், எத்தன தடவ வந்தாலும், கார்டப் பாரு, கையில இருக்கத சோதி, நோட்டுல கையெழுத்து வாங்கு.

மொதத் தடவ சாரு சிரிச்சுக்கிட்டே காட்டுனாரு. மூணாவது தடவ மூச்சு வாங்குச்சு. அஞ்சாவது தடவ என் முன்னால நின்னு கேட்டாரு.

"ஏ வேலாயுதம், இருபது வருசமா பாக்க. என்னத் தெரியலயா?"

"தெரியுது சார். கார்டு?"

விட்டிருக்கலாம். ஆனா டீச்சர் சன்னல் வழியா பாத்துக்கிட்டு இருந்தாவ. உண்மையச் சொன்னா எனக்கும் அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. பாக்கெட்டக் குலுக்கிப் பாத்தேன். மோந்து பாத்தேன்.

ஏழாவது தடவ, கையெழுத்துப் போடப் பேனாவ எடுத்தவரு அப்படியே நின்னுட்டாரு. என்னப் பாத்தாரு. நோட்டப் பாத்தாரு. உள்ள கம்ப்யூட்டரப் பாத்தாரு. பாக்கெட்ட என் கையில திணிச்சுட்டு ஓடுனாரு. அந்தக் கையெழுத்து இன்னிக்கு வரைக்கும் பாக்கி.

போயி அந்தப் புதுக் காவக்காரனப் புடிச்சாரு. நம்ம சாஃப்ட்வேர் அந்தப் பேரெல்லாம் இருக்க ஃபைலத் தொறக்கும்போதெல்லாம், அவன் நாப்பதாயிரத்தையும் முழுசாச் சோதிச்சிட்டுத்தான் விட்டிருக்கான். நாலு நிமிசமும் அங்கதான் போயிருக்கு. 'இது நம்ம ஃபைலு, நிறுத்தாத'ன்னு, சோதிக்காம விடவேண்டிய அவன் லிஸ்ட்ல ஒரு வரி சேத்தாரு. 'ஓ நெகடிவ்' தட்டுனாரு. வெரல எடுக்கதுக்குள்ள பேரு விழுந்துச்சு. ஏ வெள்ள வேட்டி அண்ணாச்சி, ரெண்டாயிரத்தி எட்டு மில்லு முகாம்ல குடுத்தீருல்லா, ஒம்ம பேருதான் மொதப் பேரு.

நாலு மணிக்கு டாக்டர் வந்தாரு. பாதியாக்கியாச்சான்னு கேட்டாரு. ஒரு பேரும் அழிக்கலன்னு சாரு தலையச் சொறிஞ்சாரு. காலையிலருந்து என்னதான் செஞ்சீருன்னா, பிஸ்கட் சொமந்தேன்னாரு.

டாக்டர் கண்ணாடியத் தள்ளிட்டு டீச்சர் பக்கம் திரும்புனாரு.

"பேர அழிக்கச் சொன்னா பிஸ்கட் சொமக்க விட்டிருக்கீங்க. என்னம்மா இது?"

டீச்சர் சீட்டு ஒட்டுறத நிறுத்தல.

"இன்னும் முப்பத்தி மூணு பாக்கெட் வெளிய கெடக்கு டாக்டர். கேட்டுல ரொம்ப நேரமாவுது. பாதியத் தூக்கிப் போட்டுருவமா?"