ஏரிக்கரைக்குப் போன விதைச்சாக்கு

சாக்கு என்றால் எல்லாருக்கும் இளப்பம்தான். வங்காளத்துச் சேற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு உரித்த சணல் நார், ஆலையில் முரட்டுத் துணியாகி, நெல் சுமந்து, மிளகாய் சுமந்து, கிழிந்த பிறகும் மழைக்குக் கொங்காணியாகத் தலையில் ஏறி, மாட்டுக்குப் போர்வையாகி, கடைசியில் வாசலில் மிதிபட்டுக் கிடக்கும். அதைப் பற்றி யாரும் இரண்டு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்தச் சாக்கால் வெள்ளேரி ஊரில் ஒரு வழக்கு வந்தது. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

வெள்ளேரியில் ஒரு வழக்கம். கோடையில் வீட்டுக்கொரு நல்ல சணல் சாக்கை ஏரிக்கென்று கொடுத்துவிடுவார்கள். கரை உடையும் நிலை வந்தால் மண் நிரப்பி அடைப்பதற்கு. அதற்குக் கரைச்சாக்கு என்று பெயர். அதைக் காக்கும் பொறுப்பு ஏகாம்பரத்தினுடையது. அந்த ஆண்டு அவர் கரைக்குக் கீழே மதகடித் தெருவில் மாடி வீடு கட்டினார். புதுத் தளம் வெடிக்காமலிருக்க ஈரச்சாக்கு போர்த்த வேண்டுமே! கரைச்சாக்குகளை எடுத்துப் போர்த்தினார். கோடை முழுக்க நனைந்து காய்ந்து அவை இற்றுப்போயின. மதகடித் தெருவே அந்த மாடிக்குக் கீழே நடந்தது, அண்ணாந்து பார்த்தது, கிரகப்பிரவேசத்தில் வடை பாயசத்தோடு சாப்பிட்டும் வந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏகாம்பரம் பிறகு அதே எண்ணிக்கையில் யூரியா வந்த பிளாஸ்டிக் சாக்குகளைக் கட்டி வைத்தார்.

பவுனாம்பாளுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் வீடும் நிலமும் ஏரிக்கு மேற்கே மேட்டில். ஏரி உடைந்தால் அவள் பக்கம் ஒரு குடம் தண்ணீர்கூட வராது. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாகப் பயிர் வைக்கிறவள். ஊரே பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகும் விதைநெல்லுக்கு மட்டும் அவள் சணல் சாக்கை விடவில்லை. பிளாஸ்டிக்கில் விதை புழுங்கிவிடும் என்பாள். ஏழு சாக்கு விதைநெல்லை, வாயைச் சிவப்பு நூலால் தைத்து, கொட்டகையில் பலகைமேல் அடுக்கியிருந்தாள். மழை விட்டதும் நாற்று விட வேண்டும். பக்கத்திலேயே நெல் கொட்டிவைக்கும் அவளுடைய மரப் பத்தாயம் காலியாகக் கிடந்தது.

ஐப்பசியில் அடைமழை. ஒரு நாள் பிற்பகல் கரையில் ஓரிடம் கரைய ஆரம்பித்தது. ஊரே ஓடியது. நமக்கென்ன என்று பவுனாம்பாள் வீட்டில் உட்காரவில்லை, அவளும் ஓடினாள். மண் நிரப்பிய பிளாஸ்டிக் சாக்குகள் அடுக்க அடுக்க வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போயின. சணல் சாக்கு ஈரத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அந்தப் புத்தி கிடையாது. மதகடித் தெரு துரைக்கண்ணு அதைப் பார்த்தான். அவன் கைக்குழந்தை கரைக்குக் கீழே வீட்டில் இருந்தது. சணல் சாக்கு யாரிடம் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடினான்.

வரிசையில் நின்று மண்மூட்டைகளைக் கைமாற்றிக்கொண்டிருந்த பவுனாம்பாளிடம் சற்று நேரத்தில் ஒரு மூட்டை வந்தது. அதன் சொரசொரப்பு அவள் கைக்குத் தெரிந்தது. குனிந்து பார்த்தாள். வாய் ஓரத்தில் சிவப்பு நூல். அவள் தைத்த நூல். ஆனாலும் நழுவ விடாமல் அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு, “எவன்டா என் நெல்லைக் கொட்டினவன்?” என்று கத்தினாள். அதற்குள் அடுத்த மூட்டை வந்துவிட்டது, கை நீட்டினாள்.

ஏழு சாக்கும் போய்க் கரை நின்றது. இரவு கரையில் காவலிருந்துவிட்டு மறுநாள் அவள் திரும்பியபோது கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. மண் தரையில் கொட்டிய நெற்குவியலுக்குள் மழைத்தண்ணீர் புகுந்திருந்தது. உலர்த்த வெயில் இல்லை. விதைநெல் அத்தனையும் முளைவிட்டு நாறிப்போனது. கரைச்சாக்கு மாடியில் இற்ற கதையும் அதற்குள் அவள் காதுக்கு வந்துவிட்டது.

மழை விட்டதும் ஊர் கூடியது. எதற்கு? பவுனாம்பாளுக்குப் பொன்னாடை போர்த்த! “ஊரைக் காத்த தாய்!” என்று மைக்கில் முழங்கிவிட்டு, ஏகாம்பரம் சரிகைச் சால்வையை விரித்துக்கொண்டு வந்தார்.

“நிறுத்துங்க,” என்றாள் பவுனாம்பாள். “குடுத்தவங்களுக்குத்தான் இதைப் போத்துவாங்க. நான் எதைக் குடுத்தேன்? நீங்கதானே எடுத்தீங்க! இதைப் போத்திக்கிட்டா நானா குடுத்ததா ஆயிடும். அப்புறம் நெல்லை யார்கிட்டப் போய்க் கேப்பேன்?”

மதகடித் தெருக்காரர் ஒருவர் முகம் சுளித்தார். “நாப்பது வீடு பொழைச்சிருக்கு. ஏழு சாக்கு நெல்லுக்கு இப்படிப் பேசலாமா?”

“உன் வெதநெல்லு பத்திரமா இருக்குல்ல? நீ பேசுவ.”

துரைக்கண்ணு முன்னால் வந்தான். “நான்தான் கொட்டினேன் அத்தை. உசுரு போற அவசரம். கேட்டிருந்தா குடுத்திருப்பியா?”

“கேட்டிருந்தா நானே வந்து பத்தாயத்துல கொட்டியிருப்பேன்டா! உன் பக்கத்துலதானே நின்னேன்?”

அவன் தலை குனிந்தான். “என் வெதநெல்லை எடுத்துக்க அத்தை.”

ஏகாம்பரம் குறுக்கே வந்தார். “என்மேல என்னம்மா தப்பு? சாக்குக்குச் சாக்கு வெச்சுட்டேன். எண்ணிப் பாரு, ஒண்ணு கொறையாது.”

பவுனாம்பாள் அவர் கையிலிருந்த சால்வையைப் பிடுங்கினாள். அது விரல்களுக்குள் வழுக்கியது.

“அடுத்த மழைக்கு இதுல மண்ணு கட்டிக் கரையில வையி. நிக்குதான்னு பாப்போம்,” என்று அவர் காலடியிலேயே போட்டாள்.

இப்போது சொல்லுங்கள். துரைக்கண்ணு கொட்டாவிட்டால் நாற்பது வீடு போயிருக்கும், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நெல்லும் பிழைத்திருக்கும். ஏகாம்பரம் அவள் நெல்லைத் தொடவே இல்லை. மதகடித் தெரு சும்மா பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பவுனாம்பாளின் விதைநெல்லை யார் கொடுக்க வேண்டும்?

விடை: துரைக்கண்ணு அல்ல. கேட்காமல் எடுத்ததும் கதவைத் திறந்து போட்டதும் தவறுதான். அதற்கு அவன் ஆயுசுக்கும் அத்தையிடம் திட்டு வாங்கட்டும். ஆனால் யோசிக்க அவனுக்கு ஒரு நொடி இல்லை. ஏகாம்பரத்துக்கு ஒரு கோடை முழுக்க இருந்தது, பார்த்துக்கொண்டிருந்த தெருவுக்கும் இருந்தது. கரைச்சாக்கு மாடி ஏறிய அன்றே அவள் நெல் தரைக்கு வந்துவிட்டது. ஆகவே ஏகாம்பரம் வீட்டிலிருந்தும் அந்த விருந்தில் கை நனைத்த வீடுகளிலிருந்தும்தான் நெல் வர வேண்டும். பவுனாம்பாள் அப்படித்தான் கேட்டாள், கேட்டு வாங்கியும் விட்டாள். பிளாஸ்டிக் சாக்கில் கொண்டுவந்தவர்களை மட்டும் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.