மலைக்கதவின் பூட்டு

தீவு மடத்தின் தலைவி செங்கமல அம்மை துறவு பூணுவதற்கு முன் கல்லூரியில் நிலவியல் ஆசிரியை. படகோட்டி அஞ்சப்பன் அவரைவிடப் பத்து வயது மூத்தவன். ஆனாலும் அவரைத்தான் குருவாகக் கொண்டிருந்தான்.

நிலம் குலுங்கி, கடல் ஏறிவந்து வடிந்த அன்று அம்மை பக்கத்துத் தீவில் இருந்தார். அஞ்சப்பன் ஆழ்கடலில் இருந்தான். படகுக்கு அடியில் அலை போனதே அவனுக்குத் தெரியவில்லை. கரை திரும்பியபோது மகள் அரும்பு இல்லை. கரையிலிருந்து மலைமேல் இருக்கும் மடத்துக்கு ஏறும் பாதையில், இரும்புக் கதவின் அடியில் அவள் உடலை எடுத்தார்கள்.

அம்மை வந்து சேர்ந்ததும், மறுபக்கத்து நீண்ட சுற்றுவழியாக எல்லோரும் ஏறி வந்து மடத்தில் பிரார்த்தனை நடந்தது. காரியஸ்தர் ஆதிமூலம் எழுந்தார்.

"கரைச் சனங்க ஒழுங்கா வாழல. தெய்வம் கோபப்பட்டுது. அதான் இது."

அஞ்சப்பன் எழுந்தான். 

"அம்மா, என் மக என்ன பாவம் செஞ்சா? சொல்லுங்க. இல்லேன்னா இந்த ஆளை இங்கேயே அடிச்சுருவேன்."

"கையைக் கொடுங்கண்ணே."

அம்மை தன் கையை அவன் கைக்கு அடியில் நுழைத்தார்.

"உங்க கை நம்ம தீவு. என் கை கடலோட தரை. அது தீவுக்கு அடியில போய்க்கிட்டே இருக்கு. நகம் வளர்ற வேகம்தான். ஆனா ஒரு இடத்துல சிக்கிக்கிது. மேல இருக்கிற விளிம்பையும் சேர்த்து இழுக்குது."

அவன் விரல்நுனிகளைப் பற்றி உள்ளே வளைத்தார். அவனுக்கு வலித்தது.

"வருஷக்கணக்கா வளையுது. ஒரு நாள் தாங்காது."

விட்டார். விரல்கள் எகிறி எதிரே இருந்த செம்பைத் தட்டின. தண்ணீர் ஆதிமூலத்தின் வேட்டியில் கொட்டியது.

"நிலம் குலுங்குது. விளிம்பு எகிறும்போது மேல இருக்கிற கடலையும் தூக்கி எறியுது."

ஆதிமூலம் வேட்டியை உதறினார். "வடக்குத் தீவுல மலை நெருப்பு கக்குதே, அது?"

"அதே தரைதான். போகும்போது கடல்தண்ணியையும் உள்ளே கொண்டுபோகுது. ஆழத்துல அது கசிஞ்சு, மேல இருக்கிற சூடான பாறையில சேருது. தண்ணி சேர்ந்தா பாறை சுலபமா உருகும். உருகி ஏறி வருது. அந்தத் தீவுல மனுஷரே கிடையாது. அங்க யாரோட பாவம், ஆதிமூலம்?"



"அப்போ யார் மேலயும் தப்பில்லையா?" என்றான் அஞ்சப்பன். "இந்தக் கோபத்தை நான் எங்க கொண்டுபோய் வைக்க?"

அம்மை வெளியே நடந்தார்; அஞ்சப்பனும் ஆதிமூலமும் பின்னால் போனார்கள். மலைப்பாதையில் இறங்கிக் கதவருகே நின்றார். பூட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கல்லால் அடித்த வடுக்கள்.

"அலை கொண்டுவந்து போட்டுதுன்னு நினைச்சீங்க. இல்ல, ஓடி வந்திருக்கா. குலுங்கினா மேட்டுக்கு ஓடணும்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மலை ஏற நேரமும் இருந்திருக்கு."

அஞ்சப்பன் வடுக்களைத் தொட்டான்.

"பூட்டினது யாரு?"

"நான்தான்," என்றார் ஆதிமூலம். "மீன் கூடையோட மேல வந்து மடத்தை அசுத்தம் பண்றாங்க. நீங்களும் ஊர்ல இல்ல."

அம்மை குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பூட்டை அடித்தார். கை கிழிந்து ரத்தம் வந்தது. பூட்டு தெறித்து விழுந்த பிறகும் கதவை அடித்துக்கொண்டே இருந்தார்.

ஆதிமூலம் பின்வாங்கினார். "ஒரு துறவிக்கு இவ்வளவு கோபம் ஆகுமா?"

"நிலத்துக்குத்தான் கோபம் கிடையாது," என்றார் அம்மை. "எனக்கு இருக்கு. இன்னைக்கே மடத்தை விட்டு இறங்குங்க. இந்த வழியாவே."